கல்லூரியின் பெயரும் குடும்பத்தின் பொருளும்

ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களும், ஒவ்வொன்றுக்கும் நேரக்கூடிய ஐந்தைந்து அதிசாரங்களும் கூறப்பட்டுள்ளன. பொருள்வரைதல் என்னும் ஐந்தாம் விரதத்திற்குரிய அதிசாரங்கள் அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன. வண்டி மாட்டை அதன் ஆற்றலுக்கு மீறிய தொலைவு ஓட்டுவது முதலாவது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது இறுதியானது. நடுவில் நிற்கும் விஸ்மயமாவது, பிறர் பெற்ற பேற்றைக் கண்டு வியந்து மனம் தடுமாறுதல். பாரம் ஏற்றும் குற்றம் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களிலும் மீண்டும் வருவதைப் பாடம் கேட்டவர்கள் நினைவு கூர்வார்கள். ஆசையினால் ஏற்றப்படும் சுமை, சுமக்கும் உயிருக்கு இம்சையாகிறது. ஆகவேதான் ஒரே செயல் இரண்டு விரதங்களையும் பழுதாக்குகிறது.

இவ்விரு அதிசாரங்களும், அதாவது விஸ்மயமும் அதிபாரமும், இக்காலத்தில் நம் இல்லங்களுக்குள் நுழையும் பருவம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த பின்னர், கல்லூரியைத் தேடும் மே, ஜூன் மாதங்களே அப்பருவம். "பெரியப்பா மகன் இன்ன பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான்" என்ற ஒரு சொல், நஞ்சை நிலத்தை விலை பேச வைத்துவிடுகிறது.

வந்தவாசி வட்டத்தில் சிறிது நிலமும் ஒரு மளிகைக் கடையும் உடைய குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். மகன் பொறியியல் படிக்க விரும்புகிறான். அவனுக்குப் பின் ஒரு மகளும் இருக்கிறாள். அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அவனுக்கு நடுத்தரமான கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும். சென்னையை அடுத்த பெயர்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவனை ஏற்கிறது. ஆனால் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 2 இலட்சம் கூடுதலாகச் செலவாகும் எனக் கொள்வோம். தந்தை அந்த 2 இலட்சத்தையும் ஆண்டுதோறும் கல்விக் கடனாகப் பெறுகிறார்.

நான்கு ஆண்டுகளில் கடன் ரூ. 8 இலட்சம். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கி சொல்லும். கேட்பவர்க்கு அது சலுகையாகத் தோன்றும். ஆனால் வட்டி அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. வட்டி 10 விழுக்காடு எனில், முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி ரூ. 1 இலட்சம், அடுத்த மூன்று தொகைகளுக்கு முறையே 80,000, 60,000, 40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ. 10 இலட்சத்து 80 ஆயிரம். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 14,270. முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் ரூ. 17 இலட்சத்துக்கு மேல். முதல் வேலையில் ரூ. 25,000 ஊதியம் பெறும் இளைஞனுக்கு எஞ்சுவது என்ன? அவன் சென்னையில் வாடகை கொடுத்து உண்ண வேண்டும். ஊருக்கும் ஏதேனும் அனுப்ப வேண்டும். இக்கணக்கைப் பெற்றோர் மட்டும் போடாமல், பிள்ளையையும் அருகிருத்தி அவன் கையாலேயே போடச் செய்தல் நன்று. பாரத்தைச் சுமக்கப் போகிறவன் அவனே அன்றோ!

இதனால் கல்லூரியின் பெயர் வெறும் மாயை என்று நாம் கூற வரவில்லை. நல்ல ஆசிரியரும், கருவிகள் நிறைந்த ஆய்வகமும், ஊக்கமுள்ள உடன்மாணவரும், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க வரும் நிறுவனங்களும் ஒரு கல்லூரிக்கு மெய்யான செல்வங்கள். அவை இருக்குமிடத்தில் பெயரும் தானே வந்தமையும். ஆனால் விளம்பரத்தால் வந்த பெயரும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகையைக் கொண்டு கல்லூரியை அளக்கலாகாது. சேர விரும்பும் துறையில் சென்ற ஆண்டு எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் எவ்வூதியத்தில் வேலை பெற்றனர் என்று அத்துறையில் பயிலும் மூத்த மாணவர் இருவரைக் கேட்டால் உண்மை விளங்கிவிடும். வேலைவாய்ப்பு அலுவலர் சொல்லும் மிக உயர்ந்த ஊதியத்தை ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கும் மாணவனின் ஊதியத்தைக் கேட்க வேண்டும்.

மேலும், மெய்யான பெயருடைய நிறுவனங்கள் பலவற்றில் செலவு குறைவு என்பதை நம்மவர் பலர் அறியார். 1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி பொறியியற் கல்லூரியில் அரசுக் கட்டணமே. ஐ.ஐ.டி.களில் 2016 இல் ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் ரூ. 2 இலட்சமாக உயர்த்தப்பட்டபோது, குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 1 இலட்சத்துக்குக் குறைவானோர்க்கு முழு விலக்கும், 5 இலட்சம் வரை உள்ளோர்க்கு மூன்றில் இரு பங்கு விலக்கும் அளிக்கப்பட்டன. நம் ஊர்களுக்கு அருகிலேயே ஆரணியிலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் பட்டச் சான்றிதழில் நிற்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரே. கலை, அறிவியல் படிப்போர்க்குச் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றைத் தாழ்வாக எண்ணுதல் எண்வகை மதங்களுள் ஒன்றன் சாயல் என்றே நாம் கருதுகிறோம்.

உதவிகளைப் பற்றிச் சில செய்திகள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகை 2010-11 ஆம் கல்வியாண்டில் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. அது ஒற்றைச் சாளர முறையில் இடம் பெற்றவர்க்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அதனை இழப்பர். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரும் அவ்வாறே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. நடுவணரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டம், தரவரிசையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்வோர்க்குப் பிணைச்சொத்து இன்றிக் கடன் தர வகை செய்கிறது. ஆண்டு வருமானம் ரூ. 8 இலட்சம் வரை உள்ளோர்க்கு, 10 இலட்சம் வரையான கடனில், தவணை தொடங்கும் வரை 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. இங்கே கல்லூரியின் தரமே உதவிக்கு வழியாகிறது என்பது கருதத்தக்கது.

ஜைனர் 27-1-2014 அன்று தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் குறைந்த வட்டிக் கல்விக் கடனுக்கு நாமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டமும், மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய துண்டறிக்கையை நம்பி வெளிநாட்டுக்கு முன்பணம் கட்டிவிட வேண்டா.

நன்கொடை கேட்பது 1992 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இரசீது இன்றி வாங்கும் பணத்தைக் கொடுப்பதும் பொய்க்கணக்கிற்குத் துணைபோவதாகும். வாய்மை விரதம் உடையவர் அதற்கு உடன்படலாகாது. கலந்தாய்வுக்கு முன்னரே, "இன்றே கட்டாவிடில் இடம் போய்விடும்" என்று அச்சுறுத்தும் கல்லூரிகளிடம் அவசரப்பட வேண்டா. மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவது குறித்தும், மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது குறித்தும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் விதி வெளியிட்டுள்ளது.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றும் உண்டு. விடுதியில் இரவு எட்டு மணிக்குச் சோறு. குழம்பில் வெங்காயமும் கிழங்கும். சூரியன் மறையுமுன் உண்டு பழகிய பிள்ளை என் செய்வான்? தனியே அறை எடுத்துச் சமைத்தால் செலவு வேறு. வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரத்தக்க கல்லூரியின் மதிப்பைக் கணக்கிடும்போது, காக்கப்படும் ஒழுக்கத்தையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மேலே கூறிய குடும்பத்தின் மகளை மறந்துவிடவில்லை. மகன் படிப்புக்கு நிலம் போனபின், "பெண்தானே, அருகிலுள்ள கல்லூரி போதும்" என்ற பேச்சு எழுவதைக் கண்டிருக்கிறோம். அண்ணனின் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளே தங்கையின் கல்லூரியும் தீர்மானிக்கப்படும் நாள். இருவர்க்கும் உரியதை முதலில் இரண்டாகப் பிரித்து எழுதி வைத்துவிட்டு, அதன்பின் மகனுக்குக் கல்லூரி தேடுவதே நீதி. முதல் பட்டதாரிச் சலுகையும் ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கே கிடைப்பதால், அதை யாருக்குப் பயன்படுத்துவது என்பதையும் அப்பொழுதே பேசி முடிக்க வேண்டும்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்வியும் ஒன்று. மேல்சித்தாமூரில் விழாவுக்குக் கூடும் செல்வர்கள், பூசைக் கட்டளையோடு, ஓர் ஏழை மாணவியின் விடுதிக் கட்டணத்தையும் கட்டளையாக ஏற்கலாம். வேலை கிடைத்தபின் அசலை மட்டும் திருப்பித் தரும் முறையில் வைத்தால், அதே தொகை அடுத்த பிள்ளைக்கும் உதவும். இதைப் பெற விரும்பும் குடும்பங்கள் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ஏப்ரல் மாதத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்று வைத்துக்கொள்வது நலம். முடிவுகள் வந்தபின் அங்கே நிற்கும் வரிசை மிக நீளமானது.