நா உலர்ந்த வேளையில்

நன்கு அறிந்த விஷயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆயினும் பெயர் அழைக்கப்பட்டதும் நெஞ்சு படபடக்கிறது, நா வறண்டுவிடுகிறது. கூட்டத்தில் பேச எழும் பலருக்கும் நேர்வது இது. மன அமைதி உடையவருக்கு இத்தகைய கலக்கமே வராது என்று எண்ணி, பலர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே இருந்துவிடுகின்றனர். சுவாமி விவேகானந்தரின் வாழ்வில் ஓராண்டுக்குள் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் இந்த எண்ணத்தைத் திருத்துகின்றன.

மைசூர் அரண்மனையில்

1892-இல், பரிவிராஜகராகத் தென்னாட்டில் சஞ்சரித்த சுவாமிஜி, மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகத் தங்கினார். திவான் சேஷாத்ரி ஐயர் தலைமையில் அரண்மனையில் பண்டிதர் சபை கூடி வேதாந்தத்தை ஆராய்ந்தது. பண்டிதர்கள் பேசியபின் சுவாமிஜி பேசினார். சபை அவரைப் போற்றியது. ஒருமுறை மகாராஜா தம் அவையினரைப் பற்றி அவர்கள் முன்னிலையிலேயே கேட்டபோது, அவையினர் எங்கும் அவையினரே என்று சுவாமிஜி ஒளிவுமறைவின்றிக் கூறினார். அப்படிப் பேசுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மகாராஜா பின்னர் தனிமையில் எச்சரித்தார். சுவாமிஜி சிறிதும் அஞ்சவில்லை. மகாராஜா அளிக்க விரும்பிய விலையுயர்ந்த பரிசுகளையும் அவர் நாடவில்லை. கேட்பவரிடம் பெற வேண்டியது ஏதும் இல்லாதவருக்கு அவர் முன் அச்சம் எதற்கு?

சிகாகோ மேடையில்

1893 பிப்ரவரியில் செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் அவர் சொற்பொழிவாற்றினார். ஆகவே மேடை அவருக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சர்வமத மகாசபையில் அழைப்பு வந்தபோதெல்லாம் 'இப்போது வேண்டாம்' என்று தள்ளிப்போட்டார். காலை அமர்வில் பேசவே இல்லை. மற்றவர்கள் உரைகளை எழுதிக் கொண்டுவந்திருந்ததையும், தாம் எதுவும் ஆயத்தம் செய்யாததையும், நெஞ்சு படபடத்து நா ஏறக்குறைய உலர்ந்துபோனதையும் பின்னர் அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் குறிப்பிடுகிறார். பிற்பகலில், சரஸ்வதி தேவியை மனத்தால் வணங்கி எழுந்தார். அமெரிக்க மக்களைச் சகோதரிகள், சகோதரர்கள் என்று அழைத்தார். அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. பேசி முடித்து அமர்ந்தபோதும் உணர்ச்சி மிகுதியால் களைத்திருந்ததாக எழுதுகிறார்.

அமைதியின் இடம்

மைசூரில் கலங்காதவர் சிகாகோவில் கலங்கினார். எனவே கலக்கம் குறையின் அடையாளம் அன்று. பொறுப்பு பெரிதாகும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது. இது உடலின் இயல்பு. 'மற்றவர் எவ்வளவு சிறப்பாக வந்திருக்கிறார், நானோ...' என்று மனம் தன்னையே சுற்றும்போது இது பெருகுகிறது. 'எதிரில் இருப்போர் நம்மவர். இவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்' என்று மனம் திரும்பும்போது படபடப்பு இருந்தும் பேச்சு தடைபடுவதில்லை. அமைதி என்பது படபடப்பின் இன்மை அன்று. படபடப்புக்கு இடையிலும் மனம் தன்னை விட்டுப் பிறரிடம் செல்வதே ஆகும்.

பழக வேண்டியவை

சுவாமிஜியிடம் எழுதிய உரை இல்லை. ஆனால் பல ஆண்டுக் கல்வியும் தவமும் பயணமும் பின்னணியில் இருந்தன. மற்றவர்கள் குறிப்புகளோடு செல்வதில் தவறில்லை. சொல்ல வேண்டிய கருத்தை ஒரே வாக்கியமாக்கி, முதல் வாக்கியத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்ளலாம். எழுவதற்கு முன் இரண்டு மூன்று முறை மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிடலாம். இதயத் துடிப்பு சற்றுத் தணியும். இஷ்டதெய்வத்தை ஒரு கணம் நினைக்கலாம். பின் ஒருவர் முகத்தைப் பார்த்து அவரிடம் பேசுவதுபோல் தொடங்கலாம். தொடக்கத்தில் ஓங்கும் படபடப்பு பேசப் பேசத் தானே இறங்கும்.

அச்சம் நீங்கிய பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், அந்த நாள் வராமலே போகலாம். சிகாகோவில் அன்றைய மாலைவரை அச்சம் நீங்கவில்லை. அச்சத்தோடுதான் அவர் எழுந்தார்.