தோட்பயிற்சி

நந்தமிழ்ப் புலவர் ஆடவர் தோளைக் குன்றிற்கு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். அவ்வுவமை வலிமைக்குப் பொருந்துமேயன்றி அசையாமைக்குப் பொருந்தாது. உடலின் மூட்டுக்கள் எல்லாவற்றுள்ளும் மிகுதியாகச் சுழல வல்லது தோள்மூட்டே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. அதனை ஏற்கும் தோட்பட்டைக் குழியோ சிறிது, ஆழமும் இல்லது. ஆகலின், அத்தலை வழுவாது காப்பனவற்றுள் தலைமையானவை சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமாம். முதுமைத் தேய்வாலோ வீழ்ச்சியாலோ அந்நாண் அறுமாயின், கையை உயர்த்துதல் அரிதாகும். இரவில் நோவு உறக்கத்தைக் கெடுக்கும்.

அறுந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைக்கும் முறையைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் என்பார் 1911-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். இந்நாளில் சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தியும் அதனைச் செய்கின்றனர். ஆயினும் தையல் ஒரு துணையே. நாணை எலும்போடு ஒன்றுவிப்பது உடலேயாம். அதற்குப் பல வாரங்கள் வேண்டும். அதற்குள் கையை வருத்தினால் தைத்தது பிரியும். அஞ்சி நெடுங்காலம் அசைக்காதிருந்தாலோ மூட்டு இறுகும். இவ்விரு கேட்டிற்கும் நடுவே வழி காட்டுவதே இயன்முறை மருத்துவம்.

முதற்பருவம் ஏறத்தாழ 4 முதல் 6 வாரம். கை, கழுத்தினின்று தொங்கும் துணிக்கட்டில் தங்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை மட்டும் அசைத்து வரல் வேண்டும். மருத்துவர் இசைந்தபின் ஊசற்பயிற்சி தொடங்கும். முன்குனிந்து, நலமுள்ள கையை மேசைமேல் ஊன்றி, மற்றக் கையைத் தளரத் தொங்கவிட்டு, உடலை மெல்ல அசைத்தால் அக்கை தானே ஆடும். கை ஆடலாம், தோட்டசை உழைத்தலாகாது. இதுவே அதன் நுட்பம்.

இரண்டாம் பருவம் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரை. கோலைப் பற்றியும், கப்பிக் கயிற்றை இழுத்தும், நல்ல கையின் துணையால் மற்றதை உயர்த்துவர். பின்னர்த் துணையின்றி உயர்த்துவர். அதன்பின்னரே ரப்பர்ப் பட்டையையும் சிறு எடையையும் கொண்டு வலிமை தேடுவது. முழுப்பயன் எய்த 6 திங்கள் முதல் ஓராண்டு ஆதலும் உண்டு. கிழிவின் அளவிற்கும் நாணின் தன்மைக்கும் ஏற்ப இக்கணக்கு மாறுமாதலின், ஒருவர்க்கு உரைத்த நாளை மற்றொருவர் பின்பற்றலாகாது.

எம் தந்தையார் பள்ளியாசிரியர். கரும்பலகையில் எழுத இயலாத ஆசிரியன் என்னாவான் என்னும் கவலையோடே அறுவைக்கு உடன்பட்டார். மூன்றாம் வாரத்தில் நோவு தணிந்தமையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முயன்றார். பயிற்சியாளர் அறிந்து, “ஐயா, நோவு தணிந்தது நாண் தேறியதற்கு அடையாளம் அன்று” எனத் தடுத்தார். அச்சொல்லே அவர்தம் கையைக் காத்தது என்பது எம் துணிபு. பின்னர் நாடோறும் சுவரில் விரல்களை ஏற்றிப் பழகினார். வாரந்தோறும் எட்டிய உயரத்தில் யாம் பென்சிலாற் கோடிட்டோம். சில வாரங்களில் கோடு ஒரு விரற்கடையும் ஏறவில்லை. அவர் பயிற்சியை விட்டாரில்லை. ஆறாந்திங்களில் பலகையின் மேல்வரியில் அன்றைய நாளை எழுதினார்.

அன்பர்களே! அறுவையாளர் செய்வது பாதி. மற்றப் பாதி நோயாளர் தம் இல்லத்தில் நாடோறும் செய்வது. விரைதலும் சோம்புதலும் ஒருங்கே பகையாவன அப்பாதிக்கு. நம்மவர் ஒருவர்க்கு இத்துன்பம் நேருமாயின், அருகிருந்து கோடிடுவதும் நல்லதோர் உதவியாகும்.