நாவுக்கு வராத நன்றி

அல்லாஹுத்தஆலா தன் அருள்மறையில் நமக்குக் கற்றுத்தந்த பண்புகளுள் நாம் மிகுதியாகப் பேசுவதும் குறைவாகச் செய்வதும் எது என்று கேட்டால், 'ஷுக்ர்' எனும் நன்றியறிதலே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உண்டு முடித்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறோம், தும்மினாலும் சொல்கிறோம். ஆனால் அதே நாவு, அந்த உணவை அடுப்படியில் நின்று ஆக்கிப் போட்டவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றியே இம்மாதப் பாடம்.

ஜமாஅத்தில் கண்ட ஒரு பிணக்கு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், திருவெறும்பூரை நெருங்கும் முன்பே இருக்கிறது காட்டூர். பெல் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போவோர், சிறு கடை வைத்திருப்போர், பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு அவர்களின் குரலுக்காகக் காத்திருப்போர் என்று பலதரப்பட்ட குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு குடும்பத்தின் பிணக்கு ஜமாஅத் பெரியவர்கள் முன் வந்தது. நாமும் உடனிருந்தோம்.

கணவர் ஷிப்டு வேலைக்காரர். மனைவி இரண்டு பிள்ளைகளின் தாய். 11 ஆண்டு இல்லறம். அந்தப் பெண் தாய்வீடு போய் மூன்று மாதமாகியிருந்தது. சீர், நகை பற்றிய வழக்கா என்று விசாரித்தோம், இல்லை. குடியா, கைநீட்டலா என்று கேட்டோம், அதுவும் இல்லை. பிறகு என்னதான் குறை?

"பதினொரு வருசமா ஆக்கிப் போடுறேன் ஹஜ்ரத். உப்பு கூடுன அன்னைக்கு மட்டும்தான் இவங்க வாயத் தொறப்பாங்க. சரியா இருந்த அன்னைக்கு, நான் வீட்டுல இருக்கிறதே இவங்களுக்குத் தெரியாது" என்றார் அந்தப் பெண்.

கணவரோ, "ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றேன். செருப்பக் கழட்டுறதுக்குள்ள கேஸ் தீந்துபோச்சு, பீஸு கட்டலன்னு ஆரம்பிச்சிடுறா. சம்பளத்த அப்படியே கொண்டாந்து கையில குடுக்கிறேன். ஒரு நாளாவது, கண்ணு முழிச்சிட்டு வந்திருக்கீங்களேன்னு கேட்டிருப்பாளா?" என்றார்.

இருவரும் கொடுப்பவர்களே. ஆனாலும் இருவரும் பசித்திருந்தார்கள். அங்கே இருந்த வயதான பெரியவர் ஒருவர் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. "மத்தவங்க உங்களுக்குச் செஞ்ச நல்லது ஒண்ணே ஒண்ண ஆளுக்கொண்ணா சொல்லுங்க" என்றார். வெகுநேரம் மௌனம். பின்பு கணவர் தலையைக் குனிந்தபடியே, "எங்க அத்தா படுக்கையில கெடந்த எட்டு மாசமும் இவதான் பாத்தா. பெத்த பிள்ளை நானே அப்படிப் பாத்திருக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதார். "இத நீங்க மனசுல வச்சிருக்கீங்களா? எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே!"

அன்றைக்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இன்னும் இரண்டு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஆனால் அடைபட்டிருந்த கதவு திறந்தது அந்த ஒரு சொல்லால்தான். நன்றி அந்தக் கணவரின் உள்ளத்தில் இல்லாமல் இல்லை. நாவுக்கு வராமல் போனதால், இருந்தும் இல்லாததாகிவிட்டது.

ஷுக்ர் முழுமை பெறுவது எப்படி?

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் ஷுக்ரை மூன்று படிகளாக விளக்குகிறார்கள். கிடைத்த நிஃமத் யாரிடமிருந்து வந்தது என்று அறிவது முதலாவது. அதனால் உள்ளம் மகிழ்ந்து பணிவது இரண்டாவது. அந்த மகிழ்வுக்கேற்ப நாவும் உறுப்புகளும் செயல்படுவது மூன்றாவது. நம்மில் பலர் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறோம். "மனசுல இருந்தாப் போதாதா?" என்பது நம் வாதம். போதாது என்பதே மார்க்கம் தரும் பதில்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நவின்றது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஏன் அப்படி? கொடுப்பவன் அல்லாஹ்தான். ஆனால் அவன் ஒரு கையின் வழியாகக் கொடுக்கிறான். அந்தக் கையைக் கண்டும் காணாதவன், கொடுத்தவனைக் கண்டதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? திருமறையின் 31ஆம் அத்தியாயம் 14ஆம் வசனத்தில், தனக்கு நன்றி செலுத்தச் சொன்ன இறைவன் அதே மூச்சில் பெற்றோருக்கும் நன்றி செலுத்தப் பணிப்பதைக் காண்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவனின் உதவியை மறக்கும் மனைவியரை எச்சரிக்கும் ஹதீஸை நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அது உண்மையான எச்சரிக்கையே. ஆனால் தம் குடும்பத்தாரிடம் நல்லவரே உங்களில் நல்லவர் என்ற கருத்தில் வந்த ஹதீஸை ஆண்கள் காதில் விழும்படி அதே அளவுக்குச் சொல்கிறோமா? நன்றி என்பது ஒருவழிப் பாதை அன்று.

நாயகத்தின் இல்லத்தில்

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒருநாள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் காடியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையே கொண்டுவரச் சொல்லி, இது எவ்வளவு நல்ல குழம்பு என்று பாராட்டியபடி உண்டார்கள் என்று ஜாபிர் (ரலி) வாயிலாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். இல்லாமையைச் சொல்லிக் கூச வேண்டிய வீட்டாரின் மனம் அந்தப் பாராட்டால் எப்படிக் குளிர்ந்திருக்கும்!

அன்னை கதீஜா (ரலி) மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவர்களின் உதவியை நாயகம் வாயாரச் சொல்லி வந்தார்கள். ஆடு அறுத்தால் கதீஜா (ரலி)வின் தோழியருக்கும் இறைச்சி போகும். இதைக் கண்டு தமக்கு ரோஷம் உண்டானதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும் நம் வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஷுக்ரைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தோம். சோற்றில் கை வைத்ததும், "என்ன இது, ஆணத்துல புளியே ஏறல" என்றோம். வீட்டார் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே, "இன்னைக்கு பயான் மைக்குல இங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் பேசாமல் சாப்பிட்டோம்.

நம் தமிழிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை யாத்த உமறுப் புலவர், தம்மை ஆதரித்த பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரை நூலின் இடையிடையே பல இடங்களில் நன்றியோடு பாடியிருக்கிறார். நாயகத்தின் வரலாற்றைப் பாடும் காப்பியத்தில் ஒரு மனிதருக்கு நன்றி சொன்னால் இறைபக்தி குறைந்துவிடும் என்று புலவர் கருதவில்லை. அதனால் முந்நூறு ஆண்டு கழித்தும் அந்த வள்ளலின் பெயர் நமக்குத் தெரிகிறது.

குறையைச் சொல்வதற்கும் ஒரு முறை

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா? சொல்லலாம். எப்படிச் சொல்கிறோம் என்பதே கேள்வி. அனஸ் (ரலி) பத்து ஆண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்தில் ஒருமுறைகூட 'சீ' என்றோ, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்றோ தம்மை நாயகம் கடிந்ததில்லை என்று அவர்களே சாட்சி சொல்கிறார்கள். பிர்அவ்னைப் போன்ற கொடியவனிடம் போகும்போதுகூட மென்மையாகப் பேசும்படி மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் இறைவன் கட்டளையிட்டதை 20ஆம் அத்தியாயம் 44ஆம் வசனம் கூறுகிறது. நம் மனைவி மக்கள் பிர்அவ்னைவிடக் கெட்டவர்களா?

எனவே குறை சொல்லுமுன் மூன்றைக் கவனிப்போம். முதலாவது, நேரம். வேலை முடிந்து வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். அடுப்படியில் நிற்பவர் உட்காரட்டும். இரண்டாவது, ஆளைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்வது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பது ஆளைக் குத்துகிறது. "இன்னைக்குப் பீஸு கட்டுற கடைசி நாள், என்ன செய்யலாம்?" என்பது காரியத்தைச் சொல்கிறது. மூன்றாவது, பழைய கணக்கை இழுக்காதிருப்பது. இன்றைய உப்பைப் பேச வந்தவர், கல்யாணத்தன்று மாமி சொன்ன வார்த்தைக்குப் போனால் அந்தப் பேச்சுக்கு முடிவே இராது.

ஒரு எச்சரிக்கை

இந்தப் பாடத்தைத் தவறாகவும் பயன்படுத்தலாம். அடிபடும் பெண்ணிடமும், மகனால் ஒதுக்கப்பட்ட தாயிடமும் போய், "ஷுக்ர் செய், வாயைத் திறக்காதே" என்று சொல்வோர் உண்டு. இது மார்க்கம் அன்று. கணவர் 'ளிஹார்' செய்து தம்மை ஒதுக்கியபோது கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) நாயகத்திடம் வந்து முறையிட்டு வாதாடினார்கள். அல்லாஹ் அவர்களை நன்றி கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த முறையீட்டைத் தான் கேட்டுவிட்டதாக அறிவித்து, 58ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களையே இறக்கினான். அநீதியை முறையிடுவது நன்றிகேடு ஆகாது.

இம்மாதப் பயிற்சி

அன்பான சகோதர சகோதரிகளே! படித்துவிட்டு மூடி வைப்பதற்கல்ல பாடம். இன்று இரவு முதல் ஒன்றைத் தொடங்குவோம். இஷாத் தொழுகை முடிந்ததும், அன்று நமக்கு உதவிய ஒருவரை நினைத்து, அவருக்காக துஆச் செய்வோம். படுக்குமுன் அதை அவரிடமே சொல்வோம். சொல்லும்போது காரியத்தின் பெயரைச் சொல்வோம்: "காலையில பிள்ளைக்கு மருந்து குடுத்துட்டு வேலைக்குப் போனீங்களே, ஜஸாக்கல்லாஹு கைரன்." வெளிநாட்டில் இருப்பவர் போனில் செலவுக் கணக்கைக் கேட்குமுன் இதைக் கேட்கட்டும், வீட்டில் இருப்பவர் தேவையைச் சொல்லுமுன் இதைச் சொல்லட்டும். முதல் சில நாள் கூச்சமாக இருக்கும். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

நன்றி செலுத்துவோருக்கு மேலும் அதிகமாக்குவதாக 14ஆம் அத்தியாயம் 7ஆம் வசனத்தில் இறைவன் வாக்களித்திருக்கிறான். செல்வம் மட்டுமா அதிகமாகும்? வீட்டின் நிம்மதியும் அதிகமாகும். நம் உள்ளத்தில் இருக்கும் நன்றியை உரியவர் உயிரோடிருக்கும்போதே, அவர் காது கேட்கும்படி சொல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.