ஓர் இழையின் ஆழம்

பனியன் துணி அறியாதவர் நம் திருப்பூரில் உண்டோ? ஆயினும் அதன் ஓர் இழையை ஊன்றிப் பார்த்தவர் சிலரே. தோழி ஒருத்தி வீட்டிலிருந்து கொணர்ந்த துண்டில் நூலைப் பிரித்து, ஓர் இழையைக் கண்ணாடித் தகட்டில் நீர் விட்டு வைத்து, 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியில் நோக்கினோம். முறுக்கற்ற மங்கலான கோடாகத் தெரிந்தது. "இது பருத்தியன்று, பாலியெஸ்டர்" என்று தீர்ப்பும் கூறிவிட்டோம். அவள் முகம் வாடிப்போயிற்று. சுத்தப் பருத்தி என்று சொல்லி அவள் தந்தை விற்கும் துணி அது.

"நுண்திருகைத் தொட்டீர்களா?" என்றார் சிஸ்டர்.

தொடவே இல்லை! பருத்தி இழையின் அகலம் சுமார் 12 முதல் 20 மைக்ரான். (1000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்.) அந்தப் பெருக்கத்திலோ ஏறத்தாழ 1 மைக்ரான் ஆழமே தெளிவாகத் தெரியும், அதற்கு மேலும் கீழும் உள்ளவை மங்கிவிடும். திருகை மெல்ல மெல்ல நகர்த்தினோம். முறுக்கிய நாடாவைப் போன்ற திருப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்து வந்தன. வழவழப்பான பாலியெஸ்டர் இழையில், எந்த ஆழத்தில் தேடினாலும் இவை இரா.

ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு படம் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியால் இணைக்கும் முறை இன்று உண்டு. எங்களுக்குப் பென்சிலே துணை. ஏழு நிலைகளை ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். 1665இல் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் ஹூக் மெல்லிய துணியின் நெசவைக் காட்டியதும் கையால் வரைந்துதானே!

அந்த ஏழு தாள்களையும் தோழி தன் தந்தையிடம் காட்ட எடுத்துச் சென்றாள்.