ரிமோட் விமானம்: முதல் பறப்புக்கு முன்

பொம்மையார்பாளையம் கடற்கரை வெட்டவெளிதான். ஆனால் புதுச்சேரி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பயிற்சி விமானத்தோடு கிளம்புமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. ட்ரோன்களுக்கான அரசு வான்வெளி வரைபடமான 'டிஜிட்டல் ஸ்கை'யில் இடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி வரை தடையில்லை.

2. மரக்காணம் பக்கம் போனால் உப்புப் பாத்திகளுக்குத் தள்ளி நில்லுங்கள். உப்புநீரில் விழுந்தால் மோட்டார் அரித்துவிடும்.

3. விடிந்ததும் பறக்கவிடுங்கள். வெயில் ஏறினால் கடல்காற்று வலுக்கும்.

4. கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். காலை வெயில் கண்ணில் அடிக்காது.

5. பேட்டரியைப் பொருத்தியபின், கையேடு சொல்லும் இடத்தில் இறக்கையை விரல்களில் தாங்கிப் பாருங்கள். வால் கனத்தால் விமானம் கட்டுக்குள் நிற்காது.

6. ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள். சிக்னல் இல்லாதபோது மோட்டார் தானாகச் சுழலலாம்.

7. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) சோதியுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்க எய்லரான் மேலே எழ வேண்டும்; மாறியிருந்தால் ஏறியதுமே விழும்.

8. எதிர்காற்றில் ஏற்றுங்கள், நல்ல உயரம் போனபிறகே திருப்புங்கள். தவறினாலும் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.