பில்லைக் கடையிலேயே படியுங்கள்

கோவையில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். காகிதம், மை, பிளேட், உதிரிபாகம் என்று வாரம் தவறாமல் கொள்முதல் உண்டு. 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள சரக்கை 10,000 ரூபாய்க்கு வாங்கினால் வரி மட்டும் 1,800 ரூபாய். பில் சரியாக இருந்தால் அது உள்ளீட்டு வரி வரவாக நம் கணக்கில் ஏறும். இல்லாவிட்டால் நம் லாபத்தில் கழியும். அதனால் சரக்கை எண்ணும்போதே பில்லையும் படித்துவிடுவது எங்கள் வழக்கம்.

எஸ்டிமேட் வேண்டாம். "எஸ்டிமேட்ல போட்டுரலாமா அண்ணே, வரி மிச்சம்" என்பார்கள் கடைக்காரர்கள். பதிவு பெற்ற நமக்கு அந்த வரி எப்படியும் வரவாகக் கிடைக்கும், மிச்சம் விற்பவருக்குத்தான். எஸ்டிமேட்டுக்கும் டெலிவரி சலானுக்கும் வரவு கிடையாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வரி வசூலிக்கவே கூடாது. அவர் பில்லிலும் நமக்கு வரவு இல்லை.

பார்க்க வேண்டியவை. இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, ஹெச்.எஸ்.என். குறியீடு, வரி விகிதம், தொகை. நம் எண் 15 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஆன்லைனில் வாங்கும்போது இந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் சாதாரண வாடிக்கையாளர் பில்தான் வரும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் நமக்குத் தரும் பில்லில் ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். குறியீடும் இருக்க வேண்டும்.

எல்லா பில்லும் வரவாகாது. பெட்ரோல், டீசல் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இல்லை. பெங்களூரு லாட்ஜில் தங்கினால் அங்கே போடுவது கர்நாடக வரி. தமிழ்நாட்டுப் பதிவில் அதை எடுக்க முடியாது. ஓட்டல் சாப்பாட்டுக்கும் பொதுவாகக் கிடையாது. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள். தொழில் செலவென்று வருமான வரிக் கணக்கில் காட்ட உதவும்.

14-ஆம் தேதி. கையில் பில் இருப்பது மட்டும் போதாது. விற்றவர் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கில் அதை ஏற்றியிருக்க வேண்டும். விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியல் 14-ஆம் தேதி வரும்; அதை பில் கோப்போடு ஒப்பிட்டு, விடுபட்டதற்கு அன்றே போன் போடுகிறேன். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு, வரவை எடுக்கும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி கணக்குக்குக் கெடு 20-ஆம் தேதி. நிதியாண்டு முடிந்தபின் விடுபட்டதை எடுக்க நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் வரை, எது முந்தியதோ அதுவரை வாய்ப்பு உண்டு.

பணம் கொடுத்த ஆதாரம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். அதனால் வங்கிப் பரிமாற்ற எண்ணை அந்தந்த பில்லிலேயே எழுதிவைக்கிறேன்.

பாதுகாப்பு. ஆண்டுக் கணக்குக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாள் பில் அதற்குள் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே ஸ்கேன் எடுத்து மாதவாரியாகச் சேமியுங்கள்.

ரீமுக்குப் பத்து ரூபாய் குறைக்கிறவரைவிட, மாதா மாதம் ஒழுங்காகக் கணக்கு தாக்கல் செய்கிறவரிடம் வாங்குவதே எனக்கு மலிவாக முடிகிறது.