விதியும் விகற்பமும்: லினக்ஸ் கணினிகளை ஓரிடத்திருந்து நெறிப்படுத்தல்

தமிழிலக்கணங் கற்றார் பொதுவிதி, சிறப்புவிதி என்னும் இரண்டையும் நன்கறிவர். உயிரீற்றுச் சொல்லின் முன் வல்லினம் வரின் மிகும் என்பது பொதுவிதி. பூ என்னுஞ் சொல்லின் முன் இனமான மெல்லினமுந் தோன்றும் என்பது சிறப்புவிதி. ஆதலின் பூக்கொடி என்பதும் வழுவன்று; பூங்கொடி என்பதும் வழுவன்று. ஓரிடத்தே இதனையே கொள்க என விதித்தலும், பிறிதோரிடத்தே இரண்டுள் எதனையுங் கொள்ளலாமென விகற்பித்தலும் இலக்கண நூலார் வழக்கம். பல கணினிகளை ஓரிடத்திருந்து நெறிப்படுத்த விரும்புவோரும் முதற்கண் இவ்வேறுபாட்டையே உணர்தல் வேண்டும். தமிழாசிரியனாகிய யான் கணினியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணமும் இதுவே.

ஒரு பாடசாலையின் கணினிக்கூடத்தில் இருபது கணினிகள் உள்ளனவென்று கொள்வோம். ஆளில்லாத கணினியின் திரை ஐந்து நிமிடத்திற் பூட்டப்படல் வேண்டும். தமிழ் விசைப்பலகையும் ஆங்கில விசைப்பலகையும் எல்லாவற்றிலும் இருத்தல் வேண்டும். இவற்றை ஒவ்வொரு கணினியாகச் சென்று அமைப்பின் ஒரு பிற்பகல் கழியும். மறுநாள் மாணாக்கர் மாற்றிவிடுவர். மீண்டும் ஒரு பிற்பகல் கழியும். கட்டணமின்றிக் கிடைப்பதென்று லினக்சைத் தேர்ந்த பாடசாலைகள் பல, இவ்வுழைப்பு ஒருவகைக் கட்டணமே என்பதைப் பின்னரே உணர்கின்றன.

லினக்சில் திரையின் தோற்றத்தையும் நடத்தையையும் ஆள்வது பணித்தளம் எனப்படும். உபுந்து முதலியவற்றில் வழங்கும் க்னோம் என்னும் பணித்தளத்தையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்புகள் டிகொன்ஃப் என்னுந் தரவுத்தளத்திற் சேமிக்கப்படுகின்றன. தரவுத்தளம் ஒன்று மட்டுமன்று. பயனர் ஒவ்வொருவர்க்குந் தனித்தனியே ஒன்று உண்டு. கணினி முழுமைக்கும் பொதுவான ஒன்றையும் நிர்வாகி ஆக்கிக்கொள்ளலாம். எதனை முதலில் நோக்குவது, எதனைப் பின்னர் நோக்குவது என்ற வரிசையை ஒரு சிறு கோப்புக் கூறும். பயனர் தாமே ஒன்றை அமைத்திருப்பின் அதுவே செல்லும். அமைத்திலரேல் பொதுத்தளத்தில் உள்ளது செல்லும். அங்கும் இல்லையெனின் மென்பொருளை ஆக்கியோர் வைத்த இயல்பு மதிப்புச் செல்லும்.

பொதுத்தளத்தில் ஒரு மதிப்பை எழுதிவைத்த அளவில் அது கட்டளையாகிவிடாது என்பதை வாசகர் ஊன்றி நோக்குக. அது விகற்பத்திற்கு இடந்தரும் விதி. பயனர் விரும்பின் மாற்றிக்கொள்வர். மாற்றலாகாதெனின் அவ்வமைப்பின் பெயரைப் பூட்டுகளுக்கென உள்ள தனி அடைவிலும் எழுதுதல் வேண்டும். பூட்டு இருக்குமாயின் பயனர் தம் தளத்தில் எதனை எழுதியிருப்பினும் அது பொருட்படுத்தப்படாது. மதிப்பை எழுதிப் பூட்டை எழுத மறந்தவர், தாம் விதித்ததை மாணாக்கர் மீறிவிட்டனரெனக் குறைகூறுவர். மாணாக்கர் மீது குற்றமில்லை. விதித்தவர் விகற்பித்தே வைத்தார்.

இன்னொரு வழுக்குமிடமும் உண்டு. நிர்வாகி எழுதுங் கோப்புகள் நாம் படிக்கத்தக்க எளிய எழுத்தில் இருப்பன. கணினி அவற்றை நேரே படிப்பதில்லை. டிகொன்ஃப் அப்டேட் என்னுங் கட்டளையை இட்டு அவற்றைத் தரவுத்தளமாகத் தொகுத்தல் வேண்டும். பயனரும் வெளியேறி மீண்டும் உட்புகுதல் வேண்டும். இக்கட்டளையை மறந்து, எழுத்துப்பிழை தேடி ஒரு மாலைப்பொழுதை யான் வீணாக்கியதுண்டு.

பூட்டின் வலிமையை அறிந்தபின் எல்லாவற்றையும் பூட்டிவிட மனம் அவாவும். யானும் அவ்வாறு செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் கணினிக்கூடம் என் மேற்பார்வையில் இருந்தது. மாணாக்கர் அனைவரும் ஒரே பயனர்ப் பெயரால் உட்புகுவர். குறும்பர் சிலர் எழுத்தைப் பென்னம்பெரிதாக்கிவிட்டுச் செல்ல, அடுத்த வகுப்பார் திரையில் நான்கு சொற்களையே கண்டு திகைப்பர். யான் எழுத்தளவு விகிதத்தை ஒன்றென வைத்துப் பூட்டினேன். கூடம் அமைதியடைந்தது, யானும் மகிழ்ந்தேன். சின்னாட் கழித்து மாணாக்கன் ஒருவன் மூக்குத் திரையிற் படுமளவு குனிந்து வாசிப்பதைக் கண்டேன். பார்வை குறைந்த பிள்ளை. ஏனென வினவினேன். “முந்தி எழுத்தைப் பெரிசாக்கலாம், சேர், இப்ப ஏலாமக் கிடக்கு” என்றான். அவன் முறையிட்டிலன், பூட்டியவர் யாரென்பதும் அவனுக்குத் தெரியாது. கணினி பழுதென்றே எண்ணியிருந்தான்.

அன்றே பூட்டை நீக்கினேன். ஆயினும் குறும்பு நிற்கவேண்டுமே! ஆராய்ந்தபோது பிழை எழுத்தளவில் இல்லை, பொதுப் பயனர்ப் பெயரிலேயே உள்ளதென்று புலனாயிற்று. மாணாக்கர்க்குத் தனித்தனிப் பயனர்ப் பெயர் கொடுத்தவுடன் ஒருவன் செய்யும் மாற்றம் அவனையே சார்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கிய குறும்பன் மறுநாள் தன் பெரிய எழுத்தையே கண்டான்.

தனிப் பெயர்கள் நூற்றுக்கணக்காயின் அவற்றைக் காக்க ஒரு பதிவேடு வேண்டும்; கணினிகள் பல கட்டடங்களிற் பரவின் விதிகளைக் கொண்டுசெல்ல ஒரு வழியும் வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்ட விண்டோஸ் 2000 உடன் அக்டிவ் டைரக்டரி என்னும் பதிவேட்டையும், குழுக்கொள்கை என்னும் விதிமுறையையும் வழங்கியது. அதன்கண் விதிகள் நான்கு படிகளில் வரும்: கணினியிலேயே உள்ளது, இடத்திற்குரியது, ஆள்களத்திற்குரியது, ஆள்களத்தின் உட்பிரிவிற்குரியது. பின்வருவது முன்னதை வெல்லும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்குமாறு போலவே, பாடசாலை முழுமைக்குமான விதியை ஆசிரியர் அறைக்குரிய விதி விலக்கும். மேற்படியிலுள்ளார் தம் விதியை விலக்கலாகாதெனக் குறித்துவைப்பாராயின் கீழ்ப்படி விதி செல்லாது.

விண்டோசுக்கென எழுந்த இம்முறையை லினக்ஸ் தானாக அறியாது. கனொனிக்கல் நிறுவனம் ஆக்கிய ஏ.டி.சிஸ் என்னும் மென்பொருள், 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுந்து 22.04 முதலியவற்றில் மொழிபெயர்ப்பாளராக நின்று உதவுகின்றது. உபுந்துக்குரிய வார்ப்புருக் கோப்புகளை வழங்கியில் இட்டபின், நிர்வாகி விண்டோஸ் கணினிகட்கு விதிக்குமாறே உபுந்துவிற்கும் விதிக்கலாம். கணினிக்குரிய விதிகள் அது தொடங்கும்போதும், பயனர்க்குரியவை அவர் உட்புகும்போதும் இறங்கி, டிகொன்ஃபின் மதிப்புகளாகவும் பூட்டுகளாகவும் மாறும். தொகுக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வோர் அமைப்பிற்கும் அங்கே மூன்று நிலைகள் உள. இயக்கு என்றால் நாம் தந்த மதிப்பு இறங்கிப் பூட்டப்படும். முடக்கு என்றால் இயல்பு மதிப்பு இறங்கிப் பூட்டப்படும். வரையறுக்கவில்லை என்று விட்டால் மட்டுமே பயனர்க்கு உரிமையுண்டு. முடக்கு என்பதை, இவ்விதி வேண்டாம் என்று பொருள்கொண்டு மயங்குவோர் பலர். எழுத்தளவில் அவ்வாறு மயங்கினால் யான் செய்த பிழை ஒரு கூடத்தோடு நில்லாது ஆள்களம் முழுவதும் பரவும்.

என் துணிபு இது: திரை தானே பூட்டிக்கொள்ளல் போலப் பிறருடைய காப்பைச் சார்ந்தவற்றைப் பூட்டுக. புள்ளிப் பதிவேடு திறந்திருக்க ஆசிரியர் எழுந்து செல்லும் அறையில் அதற்கு விகற்பம் ஆகாது. பின்னணிப் படம், பாடசாலைச் சின்னமாகவே இருத்தல் வேண்டுமென்பார் பூட்டிக்கொள்க, யான் வற்புறுத்தேன். விசைப்பலகைப் பட்டியலைப் பொதுத்தளத்தில் எழுதிப் பூட்டாது விடுக. சிங்களம் எழுத விரும்பும் பிள்ளை தானே சேர்த்துக்கொள்ளும். கண்ணுக்கும் செவிக்கும் கைக்கும் துணையான எதனையும் பூட்டற்க.

விதிகளை எல்லாக் கணினிக்கும் அனுப்புமுன் ஒன்றை மட்டும் உட்பிரிவொன்றில் வைத்துச் சோதிக்க. மாணாக்கன் பெயரால் உட்புகுந்து, முனையத்தில் ஜிசெட்டிங்ஸ் ரைட்டபிள் என எழுதி அமைப்பின் பெயரை இட்டால், மாற்றலாமா ஆகாதா என்பதை ஒரே சொல்லிற் கணினி கூறிவிடும். எழுத்தளவை முதலிற் கேட்பது இப்போது என் வழக்கம்.